சமையலறைக்கு வந்த புது மருமகள்

ஆட்டுக்கறி சாப்பிட்ட தட்டை, கொழுப்பு ஆறுவதற்குள் கழுவிவிட வேண்டும். ஆறிவிட்டால் அப்பிக்கொள்ளும், பிறகு எத்தனை தேய்த்தாலும் வழுவழுப்பு போகாது. அதிலும் எங்கள் சிர்தாரியா ஆற்றுப் பக்கத்துத் தண்ணீர் உப்பு. காய்ந்ததும் வெள்ளையாகப் படியும். வழக்கை விசாரிக்க வந்தவருக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைப்பீர்கள். கழுவுவதைப் பற்றித் தெரியாமல் நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரியாது தம்பி, அதனால்தான் அங்கிருந்து தொடங்குகிறேன்.

மாவட்ட மருத்துவமனைச் சமையலறையில் பாத்திரம் கழுவும் அறை என் பொறுப்பு. என் மகன் தால்காட் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம் வேலைக்குச் சேர்ந்தேன். இப்போது அவனுக்கே கல்யாணம் ஆகிவிட்டது. அறையை அடைத்துக்கொண்டு சோவியத் காலத்து இயந்திரம் ஒன்று நின்றது. தட்டுகள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் ஆவி பறக்க வெளியே வரும். சில நாள் முரண்டு பிடிக்கும். கரண்டியால் பக்கவாட்டில் ஓர் அடி போட்டால் ஓடும். எங்கே அடிக்க வேண்டும் என்பது எனக்குத்தான் தெரியும், யாருக்கும் சொல்லித் தரவும் இல்லை. அதனால் உல்ஜான் லீவு எடுத்தால் மருத்துவமனையே தட்டில்லாமல் கையில் வாங்கிச் சாப்பிட வேண்டியதுதான் என்று பெரிய டாக்டரே கேலி செய்வார். அந்தக் கேலி எனக்குப் பிடிக்கும்.

தொற்று நோய் வார்டுப் பாத்திரங்களை மட்டும் நான் இயந்திரத்தில் போட்டதே இல்லை. அவற்றின் அடியில் பச்சைப் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்திருப்போம். வார்டிலேயே மருந்துத் தண்ணீரில் முக்கித்தான் அனுப்புவார்கள், ஆனாலும் அவற்றுக்குத் தனித் தொட்டி, தனித் துணி, பிறகு கொதிநீர். எல்லாம் என் கையால். இதில் நான் யாரையும் நம்பியதில்லை.

அப்புறம் அக்மாரல் வந்தாள். நகரத்தில் படித்தவள், சமையலறை முழுவதற்கும் அவள்தான் மேலாளர் என்றார்கள். என் வயதில் பாதி இருக்கும். கெட்டவள் என்று சொல்லமாட்டேன். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். எல்லோரிடமும் சிரித்துப் பேசுவாள், உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்க அவளே வருவாள். எனக்கு அவளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது.

ஒருநாள் என் இயந்திரத்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள்.

"உல்ஜான் அக்கா, இந்தக் கிழட்டு ஒட்டகத்தை அனுப்பிடலாம். எத்தனை நாளைக்குத்தான் அடிச்சே ஓட்டுவீங்க?"

"அடிச்சாலும் ஓடுதுல்ல. சில பேரு சும்மாவே நின்னு பேசிட்டிருக்காங்க."

சமையல்காரிகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் புது இயந்திரத்துக்கு ஏற்கெனவே எழுதிப் போட்டுவிட்டிருந்தாள்.

பழையது வாசல் வழியாக வெளியே போகவில்லை. எந்தக் காலத்திலோ அதை உள்ளே வைத்த பிறகுதான் சுவரைக் கட்டியிருக்கிறார்கள். அதனால் அறைக்குள்ளேயே கேஸ் தீயால் துண்டு துண்டாக வெட்டினார்கள். நான் நின்று பார்த்தேன். புதியது பளபளவென்று சின்னதாக இருந்தது, மேலே மூடி இறங்கி மூடிக்கொள்ளும். குழாய்கள் பொருந்தவில்லை, கழிவுநீர்ப் போக்கைத் தரையை உடைத்துத் தாழ்த்த வேண்டியிருந்தது. அது முடியும்வரை எல்லாரும் தொட்டியில் கையால் கழுவினோம். யார் தேய்ப்பது, யார் அலசுவது, யார் துடைப்பது, எல்லாம் என் சொல்படிதான் நடந்தது. என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் எவை என்று கேட்டால் அவற்றைத்தான் சொல்வேன்.

இயந்திரம் ஓடத் தயாரான அன்று பெண்கள் அதற்குச் சஷூ போட்டார்கள். புதுமணப்பெண் வீட்டுக்குள் காலடி வைக்கும்போது தலையில் மிட்டாய் தூவுவோமே, அதேபோல் அதன் மேல் கை கையாக மிட்டாயை வீசினார்கள்.

"மாமியாரே, புது மருமக வந்துட்டா, முகத்தைப் பாருங்க" என்று ஒருத்தி கத்தினாள்.

"பார்த்தேன். வாய் பெருசு, வயிறு சின்னது" என்றேன்.

ஒரு மிட்டாய் தாளோடு உள்ளே போய், கழிவுநீரை வெளியேற்றும் மோட்டாரில் மாட்டிக்கொண்டது. இயந்திரம் ஒரு முனகலோடு நின்றது. அன்று நான் இரண்டு தட்டு கறி சாப்பிட்டேன். மறுநாள் நகரத்திலிருந்து ஆள் வந்து மிட்டாயை எடுத்துவிட்டான், அதன் பிறகு அது நிற்கவே இல்லை.

அக்மாரல் தேநீர் குடிக்க என் அறைக்கு வந்தாள். நான் கிண்ணத்தை விளிம்புவரை நிறைத்து நீட்டினேன். கொஞ்சமாக ஊற்றினால் உட்கார், இன்னும் ஊற்றுகிறேன் என்று அர்த்தம். நிறைத்தால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். உங்களுக்கும் யாராவது நிறைத்துக் கொடுத்திருப்பார்கள், உங்கள் வேலை அப்படி.

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கிளம்பச் சொல்றீங்களா அக்கா?"

"கை தவறிடுச்சு."

"பரவாயில்ல." ஊதி ஊதி நிதானமாகக் குடித்து முடித்துவிட்டு, வெறும் கிண்ணத்தை மறுபடி நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. நான் எங்கயும் போகப் போறதில்ல."

அப்போது அவளிடம் எனக்கு மரியாதையே வந்தது. மரியாதை வந்தால் வெறுப்பு குறையும் என்பார்கள், எனக்குக் குறையவில்லை.

அந்த வாரமே இரண்டு காரியம் செய்தாள். இயந்திரத்தை ஓட்டும் வேலையை ஜனாருக்குக் கொடுத்தாள். ஜனார் என் மருமகள், நிஜ மருமகள், தால்காட்டின் மனைவி. நானே சொல்லிப் பரிமாறும் வேலைக்குச் சேர்த்துவிட்டவள். கர்ப்பமாக இருந்தாள், மூன்று வருடம் காத்திருந்து தங்கிய பிள்ளை. வயிறு தெரிகிற பெண் தட்டுகளைச் சுமக்க வேண்டாம், பொத்தானை அழுத்திக்கொண்டு உட்காரட்டும் என்றாள் அக்மாரல். ஜனாருக்கு ஒரே சந்தோஷம். "அத்தை, இது தானா சூடாகுது, தானா அலசுது, நீங்க இனிமே கையை வேக வெச்சுக்க வேணாம்" என்று வீட்டிலும் அதே பேச்சு. என் மகனும் அதைக் கேட்டுத் தலையாட்டினான். என்னைக் காய் நறுக்கப் போட்டார்கள்.

இரண்டாவது, பச்சைப் புள்ளிப் பாத்திரங்களும் இனி இயந்திரத்துக்கே என்றாள்.

"அது கூடாது. தனியாத்தான் கழுவணும்" என்றேன்.

"வார்டுலயே முக்கித்தான் வருது, இதுல கொதிக்கிற தண்ணியில அலசுது. உங்க கையை விட இது சுத்தம் அக்கா, கோவிச்சுக்காதீங்க."

கோவிச்சுக்காதீங்க என்றாள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. யாருக்காவது நோய் வந்தால்தான் இவர்களுக்குப் புரியும் என்று சொன்னேன், அவ்வளவுதான். அன்றே சொன்னேன் என்பதற்குச் சாட்சி உண்டு. அதன் பிறகு வாரக் கணக்கில் காத்திருந்தேன். யாருக்கும் ஒரு தலைவலிகூட வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தொற்று வார்டுக்கு ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். எங்கோ வழியில் கண்ட தண்ணீரையும் குடித்து, கண்ணெல்லாம் மஞ்சள். டாக்டர் சமையலறைக்கே வந்து எச்சரித்தார். இந்தக் காமாலை மற்றவர்களைக் கொஞ்ச நாள் படுக்கவைத்துவிட்டுப் போய்விடும், கர்ப்பிணிகளை மட்டும் விடாது, ஜனார் அந்தப் பக்கமே போகக்கூடாது என்றார். அதனால் ஓட்டுநருக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். அத்தைக்கு என்மேல் எவ்வளவு பாசம் என்று ஜனார் எல்லோரிடமும் சொன்னாளாம்.

கொஞ்ச நாள் படுக்கவைத்துவிட்டுப் போய்விடும் என்று டாக்டர் சொன்னதை நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்குத் தேவைப்பட்டதும் அவ்வளவுதான். அக்மாரல் கண் மஞ்சளாகிப் படுத்தால் போதும், எந்தப் பாத்திரம், எந்த இயந்திரம் என்று கேள்வி வரும், நான் சொன்னது சரி என்று ஆகும்.

இதய வார்டில் ஒராஸ்பாய் என்றொரு பெரியவர் இருந்தார். ஊரில் பாதி அவர் வம்சம். அவருக்குத் தொண்ணூறு வயது நிறைந்த அன்று கொள்ளுப்பேரன்கள்வரை வந்து கூடிவிட்டார்கள். சமையலறைக்கும் கறி கொடுத்தனுப்பினார்கள், கூடவே ஒரு குடுவை ஷுபாத். புளிக்கவைத்த ஒட்டகப்பாலை வேண்டாம் என்று சொல்கிற மனிதர் எங்கள் பக்கத்தில் கிடையாது. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

லாரி ஓட்டுநரின் கிண்ணத்தை மருந்துத் தண்ணீரில் முக்குவதற்கு முன்பே எடுத்து வந்துவிட்டேன். அடியில் அவர் குடித்த மிச்சம் இருந்தது. அதைக் கொட்டினேன். துடைக்கவில்லை. ஷுபாத்தைப் பாதியளவு ஊற்றினேன். நிறைக்கவில்லை, முறை எனக்குத் தெரியும்.

"அக்மாரல், இந்தா. ஒராஸ்பாய் பெரியவரோட சர்கிட். உனக்குன்னு சொல்லி மிச்சம் வெச்சுக் கொடுத்தாரு."

பெரிய மனிதர் வாய்வைத்து மிச்சம் வைத்ததை யாரும் மறுப்பதில்லை. அவருடைய ஆயுளும் பாக்கியமும் அதில் சேர்ந்து வருகிறது. உங்கள் தாத்தா வைத்த மிச்சத்தை உங்கள் அம்மா உங்களுக்கு ஊட்டியிருப்பார்.

அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். கண் கலங்கியிருந்தது. "உங்க கையால வருதே அக்கா, அதான் எனக்குப் பெருசு" என்றாள். ஒரு வாய்தான் குடித்தாள். பிறகு இயந்திரத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஜனார், இங்க வாடி. எனக்கு எதுக்கு இது? அத்தனை பிள்ளை பெத்த மனுஷனோட சர்கிட், வயித்துல பிள்ளை இருக்கறவதான் குடிக்கணும்."

"முழுசாவா? உங்களுக்கு?"

"நான் வாய்வெச்சுட்டேன், போதும். நீ குடி. உன் பிள்ளையும் தொண்ணூறு வயசு இருக்கட்டும்."

இதை நான் யோசித்திருக்கவில்லை. சர்கிட்டை யாரும் ஒருவராகக் குடிப்பதில்லை, பிள்ளை வேண்டுகிறவளுக்கும் பிள்ளை சுமக்கிறவளுக்கும்தான் முதலில் போகும். சின்ன வயதிலிருந்து தெரிந்த விஷயம், அன்று ஏனோ எனக்கு மறந்துவிட்டது. ஜனார் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். பெரியவர்களைக் கேட்காமல் எதையும் வாயில் வைக்காதவள். "குடிக்கட்டுமா அத்தை?" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அண்ணாந்து குடித்தபோது கிண்ணத்தின் அடியில் பச்சைப் புள்ளி தெரிந்தது. அறையில் அத்தனை பேர் இருந்தார்கள். யாரும் அதைப் பார்க்கவில்லை. கழுவுகிறவர்கள்தான் பாத்திரத்தின் அடியைப் பார்ப்பார்கள்.

ஒரு மாதம்போல ஒன்றுமில்லை. பிறகு அக்மாரலுக்குக் கண் மஞ்சளானது, கொஞ்ச நாள் படுத்து எழுந்துவிட்டாள். ஜனார் எழவில்லை. பிள்ளை வயிற்றிலேயே போனது, இரண்டு நாள் கழித்து அவளும் போனாள். தால்காட் பிரேத அறை வாசலில் தரையில் உட்கார்ந்து அழுதான். நான் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு, புது இயந்திரம் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேனடா என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கும் உண்மையாகவே அழுகை வந்தது.

சுகாதாரத் துறையினர் வந்து இயந்திரத்துக்குச் சீல் வைத்தார்கள். தண்ணீரைச் சோதித்தார்கள், சூட்டைச் சோதித்தார்கள், ஒரு குறையும் கிடைக்கவில்லை. ஆனாலும் மறுபடி ஓட்ட யாருக்கும் தைரியம் இல்லை. தொட்டிகளை வெளியே எடுத்தோம். யார் தேய்ப்பது, யார் அலசுவது என்று மறுபடியும் நான் சொன்னேன். என் கை மறுபடி வெந்தது.

அக்மாரல்தான் கெடுத்தாள். உடம்பு தேறியதும் ஒராஸ்பாய் பெரியவரின் வீட்டுக்குப் போயிருக்கிறாள். உங்கள் சர்கிட் எனக்குப் பலித்தது, அந்தப் பெண்ணுக்குப் பலிக்கவில்லையே என்று அவர் மடியில் விழுந்து அழுதிருக்கிறாள். அவர் திகைத்துவிட்டாராம். "நான் ஷுபாத் தொட்டு எத்தனையோ வருஷம் ஆச்சும்மா, என் வயித்துக்கு ஆகாது" என்றாராம். எங்கள் பக்கத்தில் ஷுபாத் குடிக்காத கிழவர் ஒருவர் இருப்பார் என்று யார் கண்டார்கள்?

அவள் என்னிடம் வந்து கத்தவில்லை. என் அறையில் எனக்குத் தேநீர் ஊற்றினாள். கிண்ணத்தை விளிம்புவரை நிறைத்தாள். வழிந்து என் கையில் படும்வரை ஊற்றிவிட்டு, உங்களைக் கூப்பிடப் போனாள்.

ஜனார் கேட்டபோது நான் ஏன் தடுக்கவில்லை என்று மூன்றாவது தடவை கேட்கிறீர்கள். முன்பு ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அது சரியில்லை. அவள் கேட்டாள், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அவளுக்குப் பின்னால் அந்த இயந்திரம் தானாக மூடி தானாகத் திறந்துகொண்டிருந்தது. "குடிம்மா, நல்லா இருப்ப" என்றேன். அவள் நம்பிக் குடித்தாள். சர்கிட் முதலில் யாருக்குப் போகும் என்பது மறந்துவிட்டது என்று சொன்னதையும் வேண்டுமானால் அடித்துவிடுங்கள்.

ஆனால் ஒன்று தம்பி. ஜனார் வெறும் கிண்ணத்தை இயந்திரத்துக்குள் வைக்கப்போனாள். நான் விடவில்லை. கையிலிருந்து வாங்கி, தனித் தொட்டியில் போட்டு, என் கையால் தேய்த்து, கொதிநீரில் அவித்துக் கவிழ்த்து வைத்தேன். இத்தனை வருடத்தில் நான் கழுவிய பாத்திரத்தால் ஒருவருக்கும் நோய் வந்ததில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.