மருமகன் தோட்டத்துக்கு விட்ட தண்ணீர்

சிட்னியில் பென்டில் ஹில் போகும் ரயிலில் என் முன் கதிரையில் இருந்த அன்ரி, பக்கத்தில் இருந்த பெண்ணிடம் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார்.

“பிரான்சுக்கு மகளைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனால், என்ர மனுசன் விடிய எழும்பி மருமகன்ர முந்திரிகைத் தோட்டம் முழுக்கத் தண்ணி விட்டிட்டார்!”

“அதில என்னக்கா பிழை?”

“அவையள் ஐஞ்சு தலைமுறையாய் வைன் செய்யிற ஆக்கள். வளர்ந்த திராட்சைக் கொடிக்குத் தண்ணியே விடுறேல்லையாம். மருமகன் தலையில கை வச்சுக்கொண்டு நிண்டான்.”

“அங்கிள் சொறி சொன்னவரோ?”

“எங்க! யாழ்ப்பாணத்தில தோட்டம் இறைச்ச மனுசனெல்லே. ‘பயிரை வாடவிடுறவன் என்ன தோட்டக்காரன்?’ எண்டு சண்டை. கொடி கஷ்டப்பட்டால்தான் வைன் திறமாய் வருமெண்டு அவன் சொல்லுறான். இவர் சொல்லுறார், ‘அப்பிடியெண்டால் நானெல்லோ திறமாய் வந்திருக்கவேணும்?’ நடுவில நிண்டு தமிழிலயும் பிரெஞ்சிலயும் மாறி மாறிச் சொல்லி மகள் களைச்சுப்போனாள்.”

“அதுக்கு மருமகன் என்ன சொன்னவர்?”

அன்ரி யன்னல் பக்கம் திரும்பினார்.

“அதை மட்டும் மகள் அவனுக்குப் பிரெஞ்சில சொல்லேல்லை.”