எட்டாம் பாத்தி

எனக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் பிடிக்கும். ஆராய்ச்சிப் பண்ணையில் யாரும் இருக்கமாட்டார்கள். காவலாளிகூடத் தேவாலயத்துக்குப் போய்விடுவார். பூசை முடிய ஒன்பது மணியாகும். அதற்குள் பூவாளியால் பன்னிரண்டு நடை தண்ணீர் ஊற்றிவிடலாம்.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, நிதானமாகவே சொல்கிறேன். பதினான்கு வருடமாக வறட்சி தாங்கும் கோதுமையைத் தேடினேன். வேரை ஆழத்துக்கு இறக்கும் மரபணு ஒன்று, வெயிலிலும் இலையைப் பச்சையாக வைத்திருக்கும் மரபணு இன்னொன்று. இரண்டையும் ஒரே செடியில் சேர்த்தேன். தலைநகர் அடிஸ் அபாபாவின் ஆய்வகத்தில் சோதித்து, இரண்டும் இருப்பதாகக் கடிதமும் அனுப்பினார்கள். அதில் பொய் இல்லை.

கடைசிச் சோதனை எளிது. மழை விழாத பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே இருபது பாத்திகள். கதிர் வந்தபின் ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டக்கூடாது. எட்டாம் பாத்தி என்னுடையது. பத்தாம் நாளே இலை சுருண்டுவிட்டது. அந்த வருடம் எந்த ரகமும் தேறாவிட்டால் எங்கள் பிரிவையே மூடுவதாகச் சொல்லியிருந்தார்கள். நாற்பத்தாறு வயதில் நான் எங்கே போவேன்? மரபணு இருக்கிறது, செடிதான் கொஞ்சம் சோர்ந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது. சோர்ந்த பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கமாட்டோமா? ஐந்து ஞாயிறு கொடுத்தேன்.

விவசாயிகள் வந்து ரகம் தேர்ந்தெடுக்கும் நாளில் ஆளுக்கு மூன்று கூழாங்கல் கொடுப்போம். பிடித்த பாத்தியின் முன்னால் போடுவார்கள். எட்டாம் பாத்தி முன்னால் கல் குவிந்துவிட்டது. என் அக்கா ஷிட்டாயேவும் வந்திருந்தாள். ஒரு கதிரைக் கசக்கி, உமியை ஊதிவிட்டு, வாயில் போட்டு மென்றாள்.

"ஏண்டா வொர்க்நே, பக்கத்துப் பாத்தியெல்லாம் கருகிக் கெடக்கு, இது மட்டும் புது மாப்பிள்ள மாதிரி நிக்குதே. நெசமாவே தண்ணி காட்டலையா?"

"ஒரு சொட்டு காட்டலக்கா."

"சரி, எதுக்கும் பாதி நெலத்துல நம்ம பழைய வெதையவே போடறேன். கோவிச்சுக்காத."

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் விதைத்தால், மழை பொய்க்கும் வருடம் பழையது நிற்கும், என்னுடையது சாயும். ஊரே பார்க்கும். அதனால், தேர்வான என் ரகத்தைப் பண்ணையில் விதைக்காகப் பெருக்கி முடித்ததும் ஒரு ஏற்பாடு செய்தேன். பழைய விதை ஒரு மூட்டை கொண்டுவந்தால் புதியது ஒன்றரை மூட்டை. நானூறு குடும்பங்கள் கொண்டுவந்தன. வந்ததையெல்லாம் அன்றன்றைக்கே ஆலையில் மாவாக்கினேன். அக்கா மட்டும் வரவில்லை. நானே அவள் வீட்டுக்குப் போனேன்.

"கூடப்பொறந்தவளே நம்பலன்னா ஊரு என்னக்கா பேசும்?"

"சின்னதுலேர்ந்து இதே வேலைடா உனக்கு. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டே காரியம் சாதிச்சுடுவ."

சிரித்துக்கொண்டே விதை மூட்டையை இறக்கினாள். அன்றே அதை அரைத்து, பெரிய டாபோ ரொட்டியாகச் சுட்டாள். நானும் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

அந்தப் பருவம் கதிர் வரும் நேரத்தில் மழை நின்றுபோனது. நானூறு குடும்பங்களின் நிலத்திலும் என் கோதுமை ஒரே வாரத்தில் படுத்துவிட்டது. மலைக்கு அப்பால் பழைய விதை போட்டவர்களுக்குப் பாதி விளைச்சலாவது கிடைத்தது. எங்கள் ஊரில் அறுவடைக்குப் பதிலாகக் குழி வெட்டினோம். பதினேழு பிள்ளைகள். ஏழாவது, அக்காவின் கடைசி மகள் லெம்லெம். ஐயோ, என்னைக் கண்டால் ஓடிவந்து முதுகில் தொற்றிக்கொள்வாள். தூக்கிப்போகும்போது கையில் கனமே இல்லை. குழிமேட்டில் அக்கா என்னைப் பார்த்து, "சொல்லுடா, தண்ணி காட்டுனியா?" என்று மட்டும் கேட்டாள். நான் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

ஆமாம், தண்ணீர் ஊற்றினேன். பழைய விதையை ஒரு மணி மிஞ்சாமல் அழித்ததும் நான்தான். தெரிந்தே செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அந்த ரகத்தில் ஒரு குறையும் இல்லை. என் அறை ஜன்னலில் ஒரு டப்பாவில் நாலு செடி வளர்க்கிறேன். வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றினால் எவ்வளவு கம்பீரமாக நிற்கிறது என்று நீங்களே வந்து பாருங்கள்.