வகுபடாத போன் நம்பர்

"என் போன் நம்பரு எதாலயும் வகுபடாதுன்னு ஒரு மாப்ள எதுக்குட்டி சொல்லணும்? எனக்கு அப்பவே சரியாப் படல."

குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு தென்காசி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். முன் இருக்கையில் வெள்ளைத் துப்பட்டி போட்ட இரண்டு பெண்கள். ஒருவர் கல்யாணப் பெண்ணின் உம்மா, மற்றவர் அவருடைய மைனி. மாப்பிள்ளை துபாயில் இருக்கிறார், நிச்சயம் முடிந்துவிட்டது. இதெல்லாம் கடைசி சீட் வரைக்கும் கேட்டது.

"மரியம் கணக்குல எம்.எஸ்சி.ல்லா மைனி. அவளுக்குப் பிடிக்கும்னு சொல்லியிருக்காரு. பகா எண்ணாம், தேடிப் பிடிச்சு வாங்குனாராம்."

"அதுக்கு இவ என்ன சொன்னா?"

"சொல்லல, வகுத்துப் பாத்துட்டா. மூணால போவல, ஏழால போவல, பதினொண்ணு, பதிமூணு எதாலயும் போவல. பதினேழால மீதியில்லாமப் போயிட்டு."

"பாத்தியா! இப்பவே பொய்யி."

"பொய் இல்ல மைனி. இவ கேட்டதும் சிரிச்சிட்டாராம். மாத்திச் சொல்லிட்டாராம். வகுபடாதது அவரோட இன்னொரு நம்பராம். அதக் கேட்டப்புறந்தான் எனக்கு நிம்மதி."

சாரல் உள்ளே அடிக்க, மைனி ஜன்னலை மூடினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஏட்டி, அந்த இன்னொரு நம்பரு ஒங்ககிட்ட இருக்கா?"

"இல்லையே."

பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது.

"அப்ப அது யாருகிட்ட மைனி இருக்கும்?"