எந்த மரத்துல உழுந்தாரு?

– காலுக்கு இருநூறு ரூவாய். இந்தா முத்தாத்தா, எண்ணிக்க.

– இருநூறுங்களா முதலாளி? ஆட்டுக்காலைக்கூட நாலாச் சேர்த்துத்தானுங்க விலை பேசுவாங்க. மனுசக்காலுன்னா ஒத்தையா வாங்குவீங்களாக்கும்.

– நாயமாப் பேசு புள்ள. கால் என்ன அறுந்தா போச்சு? ஒடிஞ்சுதான இருக்குது. கட்டுப் போட்டாக் கூடிக்கும்.

– கூடுமுங்க, கோணையா. நடக்கலாமாம், மரம் மட்டும் ஏறக்கூடாதுன்னு வைத்தியர் சொல்லிட்டாரு. மீனைப் புடிச்சு, தண்ணி மட்டும் ஆகாது, மத்ததெல்லாம் சவுகரியம்னு சொன்னாப்புல.

– அதுக்குத்தான் இருநூறு. ஒரே வார்த்தை சொல்லு, போதும். பெரியமுத்து பனையில இருந்து உழுகலே. ஆட்டுக்குத் தழை ஒடிக்க வேப்பமரம் ஏறுனான், உழுந்தான். ஆபீசர் கேட்டா அப்படித்தான் சொல்லோணும்.

– எந்த ஆபீசருங்க?

– சித்தூர்ல இருந்து க்ஷேமநிதி ஆபீசர். கள்ளெறக்கறவன் உழுந்தா கேரளா கவர்மெண்டு பணம் குடுக்குதாமா. எவனோ போய் ஊதிட்டான்.

– நல்ல சேதிதானுங்களே, வாங்கிக்கறோம்.

– எப்படி வாங்குவே? ரிஜிஸ்தர்ல அந்தத் தோப்புல ஏறுறவன் உம் புருசனா? என் மச்சினன் நஞ்சப்பன். அது வெளிய தெரிஞ்சா என் லைசென்ஸ் போயிரும்.

– நஞ்சப்பண்ணனுங்களா! அவரு வண்டி ஏறோணும்னாலே கீழ முக்காலி போடோணுமே. எட்டு வருசமா எங்க ஊட்டுக்காரரு மரத்துல ஏறுனாரு, அவரு பேரு ரிஜிஸ்தர்ல ஏறுச்சுங்களாக்கும்.

– பேரு யாருதா இருந்தா என்ன? கூலி குடுத்தனா இல்லியா?

– கூலி குடுத்தீங்க. மூங்கில் குடுத்தீங்களா? பனையில ஏறக் கட்டுன மூங்கில் செல்லரிச்சுப் போச்சு, கணுவுல காலை வெச்சாப் பொடியா உதுருதுன்னு தை மாசத்துல இருந்து கத்துனாரே. அந்தாண்ட தமிழ்நாட்டுல கள்ளுக்கடையை மூடுனதுல இருந்து சனமெல்லாம் சாரிசாரியா வேலந்தாவளம் வந்து உங்க கள்ளைத்தான் குடிக்குது. பானையில பாதி எங்க ஊட்டுக் கெணத்துத் தண்ணி. அந்த லாபத்துல நாலு மூங்கில் முளைக்கலீங்களா?

– வாயைக் குறை. ஆபீசர் தோப்புல நிக்கறான். நஞ்சப்பன் இடுப்புல கத்தியைச் சொருகி, கள்ளெறக்கறவன் இவன்தான், ரெண்டு காலும் கல்லாட்டம் இருக்குது பாருங்கன்னு காட்டிட்டு வந்திருக்கறேன். அடுத்து இங்கதான் வருவான். முந்நூறு.

– கத்தி சொருகினவனெல்லாம் பனையேறின்னா, கசாப்புக்கடைக்காரனும் பனையேறிதானுங்க.

– நானூறு.

– உள்ள படுத்துக் கேட்டுட்டுத்தான் இருக்காரு. கால் ஒடிஞ்சதுக்குக்கூட அழுவாத மனுசன், வேப்பமரத்துல உழுந்தான்னு ஊரு சொன்னா மூஞ்சியை எங்க வெக்கறதுங்கறாரு. எங்க வகையறாவுல வேப்பமரத்துல இருந்து கொழந்தைகூட உழுந்ததில்லீங்க.

– மூஞ்சியை நிறுக்கற தராசு எங்கிட்ட இல்லே. ஐநூறு. இதுக்கு மேல செல்லாக்காசும் கெடையாது.

– வெய்யுங்க.

– மொதல்ல சொல்லு.

– எங்க ஊட்டுக்காரரு பனை ஏறுனதே இல்லீங்க. அது நெட்டையா குட்டையான்னுகூட அவருக்குத் தெரியாது. போதுங்களா?

– இப்பத்தான் நாயமாப் பேசுற. இந்தா, புடி.

– முதலாளி! ஏ முதலாளி! இங்கயா இருக்கீக? ஓடியாங்க!

– என்றா சகாயம்? தோப்புல இருக்காம இங்கென்ன கூப்பாடு?

– ஒங்க மச்சினன் பனை உச்சியில நிக்காரு. நீதான் ஏறுதவன்னா ஒரு கலயம் எறக்கிக் காட்டுன்னுட்டாரு ஆபீசர். இவரும் வீம்புக்கு மூங்கில் கணுவைப் புடிச்சுப் போயிட்டாரு. ஏறும்போதே கணுவெல்லாம் உதுந்து போச்சு. இப்பம் மரத்தைக் கட்டிப்புடிச்சு, அக்கா அக்கான்னு அழுதுக்கிட்டு நிக்காரு.

– என்ற சம்சாரம் என்னைக் கொன்னே போடுவா! நீ ஏறி எறக்குடா!

– நாங்க பூராவும் மூங்கில் புடிச்சு ஏறுதவங்கதான முதலாளி. மூங்கில் இல்லாம கால்ல கயிறு மாட்டி ஏறுதது பெரியமுத்தண்ணன் ஒருத்தருக்குத்தான் கைவந்தது. அவரு கீழ இருந்து சொல்லச் சொல்ல ஏறிப் பாக்கேன்.

– கட்டிலோட தூக்கு! முத்தாத்தா, வழிய விடு. பெரியமுத்து வந்து சொல்லட்டும்.

– என்னத்தைங்க சொல்லுவாரு? தழை ஒடிக்கற மனுசனுக்குப் பனையைப் பத்தி என்ன தெரியும்?

– வெளையாடாத புள்ள, உசுரு!

– உசுருதானுங்க. கணு உதுருமுன்னு தை மாசம் சொன்னதும் அதைப் பத்தித்தான்.

– என்னதான் வேணும்? ஆயிரம் தாரேன்!

– உங்க மடியிலயே வெச்சுக்குங்க, முதலாளி. காலுக்கு ஐநூறு, வந்திருச்சு, அந்தக் கணக்குத் தீந்துது. எட்டு வருசத்துப் பேரு பாக்கி நிக்குது. அதை எங்கையில வாங்க மாட்டனுங்க; ஏறுனது யாருன்னு ஆபீசர் காதுல சொல்லிக் கட்டுங்க, கட்டிலைத் தூக்கறோம்.