டிட்ராய்ட் கூரை

நவம்பர் மாதச் செவ்வாய்க்கிழமை. பார்க் மெட்ரோ ரயில் நிலைய வாசலில் பஸ்ஸுக்கு நின்ற வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு தமிழ்ப் பெண்கள். மூத்தவரின் கணவர் இரண்டு நாளுக்கு முன் காலமாகியிருந்தார். மரண அறிவித்தலுக்கு எந்தப் படத்தைப் போடுவது என்பதுதான் பேச்சு.

“அந்தக் கூரையைப் பாத்துத்தான் அப்பா என்னை அவருக்குக் கட்டிக் குடுத்தவர்.”

“என்ன கூரை, அக்கா?”

“டிட்ராய்ட்டில ஒரு பழைய தியேட்டர். மேல முழுக்கப் பொன் பூசின பூவேலை. அதுக்குக் கீழ நிண்டு படம் எடுத்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினவர். பக்கத்தில ஒரு கார். மாப்பிள்ளைக்கு மாளிகையும் இருக்கு, காரும் இருக்கு எண்டு அப்பா ஊரெல்லாம் சொல்லிப்போட்டார்.”

“இல்லையோ?”

“அது கார் பார்க், பிள்ளை. தியேட்டரை மூடி, உள்ளுக்க தட்டுத் தட்டாக் கட்டிக் காரை விட்டிட்டாங்கள். கூரைதான் மிச்சம். இவர் அங்க கார் விட வாறவைக்கு டிக்கெட் குடுத்தவர்.”

1920களில் கட்டிய திரையரங்கு ஒன்று அந்த நகரில் இப்படி ஆனதைப் படித்திருக்கிறேன்.

“அப்ப, ஏமாத்தினவரோ?”

“சீ, வேலை செய்யிற இடம் எண்டுதான் சொன்னவர். பனி உருகினா பூவேலை உடைஞ்சு கார்களுக்கு மேல விழுமாம். கூட்டி அள்ளிப்போட்டு அண்ணாந்து பாத்துக்கொண்டு நிப்பாராம்.”

இளையவர் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். மூத்தவர் தொடர்ந்தார்.

“மகன் கூரையை வெட்டிப்போட்டு முகத்தை மட்டும் போடுவம் எண்டுறான். நான் அவரை முதல் கண்டது அந்தப் படத்திலதானே.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“கூரை இருக்கட்டும், காரை வெட்டு எண்டனான்.”