சாமியை ராக்கெட்டில் ஏற்றிய அண்ணன்

பூந்தமல்லியில் கிளம்பிய காலை பஸ்ஸில், எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போகிற இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில்.

"நேத்து கேபிள்ல அந்த சாமி திரும்ப வந்துச்சுக்கா. அழுதுட்டேன்."

"எந்த சாமி?"

"பழைய இங்கிலீஷ் நாடகம்க்கா. ராக்கெட்ல போறவங்க ஒரு கிரகத்துல எறங்குவாங்க. அங்க அந்தக் காலத்து சாமி ஒண்ணு, கும்புட ஆளில்லாம தனியா குந்திகினு கீது. சின்ன வயசுல ஹவுஸ்ஓனர் ஊட்டு டிவில தெருவே பாத்தோம். எங்கண்ணன்தான் அர்த்தம் சொல்லும். கடைசில சாமிய ராக்கெட்ல ஏத்திகினு வந்துட்டாங்கன்னுச்சு. எங்கம்மா டிவிக்கே கற்பூரம் காட்டுச்சு."

"அப்புறம் ஏன் அழுத?"

"நேத்து என் பொண்ணு அர்த்தம் சொன்னா. அங்கியே உட்டுட்டு வந்துட்டாங்களாம்."

"அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாதா?"

"எட்டாவது பெயிலுக்கா அது. இப்ப மஸ்கட்ல கீது. போயி ஏழு வருஷம் ஆச்சு."

வேலப்பன்சாவடி வந்தது. நான் இறங்க வேண்டிய இடம். இறங்கவில்லை.

"அண்ணனாண்ட சொன்னியா?"

"நேத்தே போன் வந்துச்சு, சொன்னேன். 'ஏத்திகினுதான் வந்தாங்க, நீ சரியா பாக்கல'ன்னுச்சு. அப்பால ஒண்ணும் பேசல. போனையும் வெக்கல."