சிரித்தவனின் துப்பாக்கி

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவனுக்குக் கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாது, ஷெரிஃப். என் மனைவி இருந்தவரை தோட்டம் போடச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு மண் பிடிக்காது. இரும்பு பிடிக்கும், அது வம்பு பேசாது.

அதனால் கராஜில் ஒரு சின்ன லேத், ஒரு வெல்டிங் மெஷின். நம் பென்சில்வேனியா மலைப்பக்கத்தில் பழைய துப்பாக்கி இல்லாத வீடு ஏது? உடைந்த விசை, விரிசல் விட்ட சுத்தி என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். காசு வாங்கமாட்டேன். நாலு வார்த்தை பாராட்டினால் போதும்.

வெண்டெல் கிரெப்ஸ் பாராட்டுகிற ஆளில்லை. தீயணைப்பு நிலையக் கூடத்தில் நடந்த ஊர் விருந்தில் எல்லோர் முன்னாலும், "லாய்ட் வெச்ச வெல்டா? பபிள்கம்மை மென்னு ஒட்டினா இதைவிட நல்லா நிக்கும்யா" என்றான். கூடமே சிரித்தது. பாதிரியாருக்குச் சிரித்ததில் புரையேறி, முதுகில் தட்டவேண்டியதாயிற்று. சிரிக்காதவன் வெண்டெலின் தங்கை புருஷன் மெர்ல் ஒருவன்தான். அவனுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

மான் வேட்டை தொடங்கப்போகும் சமயத்தில் அதே வெண்டெல் என் கராஜ் வாசலில் வந்து நின்றான். கையில் அவன் அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி. தவறி வெடிக்காமல் விசையைப் பூட்டுகிற சேஃப்டி உடைந்திருந்தது. டவுன் துப்பாக்கிக் கடைக்காரன் கிறிஸ்துமஸுக்கு அப்புறம்தான் சரிபண்ணித் தருவானாம்.

"நீதான்யா பாத்துக் குடுக்கணும். அழகெல்லாம் வேணாம், மான் அதைப் பாக்கப்போறதில்ல."

அழகாகவே செய்தேன். தள்ளினால் வழுக்கிக்கொண்டு போய், கச்சிதமான ஒரு 'க்ளிக்'கோடு உட்காரும். வெண்டெலே தள்ளிப் பார்த்துவிட்டு, "பரவால்லியே" என்றான். உட்காருவது மட்டும்தான் அதன் வேலை. உள்ளே அது எதையும் பூட்டாது.

வேட்டையின் முதல் நாள், முள்வேலியைத் தாண்டும்போது வெண்டெல் கால் தடுக்கி விழுந்தான். துப்பாக்கி வெடித்தது. முன்னால் போய்க்கொண்டிருந்தவன் மெர்ல். நான் நினைத்திருந்தது வெண்டெலின் காலைத்தான். மெர்லை எனக்குப் பிடிக்கும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மெர்லின் அடக்கம் முடிந்ததும் வெண்டெல் என்னிடம் வந்தான். "சேஃப்டியைப் போட்டேன்னுதான் நெனக்கிறேன், லாய்ட். ஆனா சத்தியம் பண்ண முடியல" என்று அழுதான். காபி ஊற்றிக் கொடுத்து, மறதி எல்லோருக்கும் வருவதுதான் என்று தேற்றி அனுப்பினேன். இப்போது அவன் யாரையும் கேலி செய்வதில்லை. ஊருக்கே நிம்மதி.

அத்தோடு நான் வாய் திறந்திருக்கமாட்டேன். ஆனால் நேற்று நீங்கள் ஆள் வைத்து அந்தத் துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, என் தோளைத் தட்டி, "விடுங்க லாய்ட். கத்துக்குட்டி வேலை, சொதப்பத்தான் செய்யும். உங்க மேல கேஸெல்லாம் இல்ல. போய் நிம்மதியாத் தூங்குங்க" என்றீர்கள்.

தூக்கம் வரவில்லை. அது சொதப்பல் இல்லை, ஷெரிஃப். நான் நினைத்தபடியே, துளி பிசகாமல் செய்தது. மெர்லின் மனைவியிடமும் இதை நீங்களே சொல்லிவிடுங்கள். என் வேலையைப் பற்றி அவள் தவறாக நினைத்துவிடக் கூடாது.